உயிரியற் கட்டுப்பாடா, உயிர்ப் பங்கசுநாசினியா?

உயிரியற் கட்டுப்பாடு என்றால், ஒரு நோயையோ பீடையையோ இன்னோர் உயிரைக் கொண்டு அளவுக்குள் வைத்திருப்பது. 'அளவுக்குள்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அப்படித் தெளிக்கும் உயிரைப் பக்கற்றில் அடைத்து விற்கும்போது, மேலே 'உயிர்ப் பங்கசுநாசினி' என்று எழுதலாமா என்பதே கேள்வி.

1914இல் கார்ல் வொன் தூபெஃப் என்ற ஜெர்மானியர் தாவரங்களின் பங்கசு (பூஞ்சை) நோய்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பொருளில் ஒரு தொடரைப் பயன்படுத்தினார். அதன் ஜெர்மன் சொல்லில் சண்டை வாடை அடிக்கும். 'எதிர்த்துப் போராடுதல்' என்பதே அதன் நேர்ப்பொருள். 1919இல் கலிபோர்னியப் பூச்சியியலாளர் ஹரி ஸ்மித் பூச்சிகளுக்கு எழுதியபோது 'கொன்ட்ரோல்' என்றார். நாம் தமிழாக்கியது இதைத்தான். அந்தச் சொல் பழைய பிரெஞ்சுக் கணக்குப்பிள்ளைகளிடமிருந்து வந்தது: ஒரு கணக்கேட்டைச் சரிபார்க்க எதிரே வைக்கும் இரண்டாவது ஏடு. ஒன்றை ஒன்று மீறவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

தமிழில் கட்டுப்பாடு என்பதும் அப்படித்தான். ஊர்க்கட்டுப்பாடு என்றால் ஊரை ஒழிப்பது அல்லவே. தமிழ்நாட்டில் 'உயிரியல் முறைக் கட்டுப்பாடு' என்றும் எழுதுவார்கள். இங்கே இலங்கையில் பள்ளிக்கூடத்தில் படித்த புணர்ச்சி இலக்கணம் விடாது. 'உயிரியற்' என்று ற் போட்டே பழகிவிட்டோம். இரண்டும் சரி.

எனக்கு ஒவ்வாதது 'உயிர்ப் பங்கசுநாசினி' (தமிழ்நாட்டில் 'உயிரிப் பூஞ்சைக்கொல்லி'). ஏன் என்பதற்குத் திராட்சை அழுகலையே பார்க்கலாம். யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பார்கள். மரமுந்திரிகை என்றால்தான் அவர்களுக்குக் கஜு.

அழுகலுக்குக் காரணம் பொத்திரைற்றிசு சினேரியா என்ற பங்கசு. முதற்பகுதி கிரேக்கம், திராட்சைக் குலை என்று பொருள். பூதக்கண்ணாடியில் இதன் வித்திகள் குலைகுலையாகத் தெரிவதால் 1729இல் இத்தாலியரான மிக்கேலி வைத்த பெயர். இரண்டாம் பகுதி லத்தீன், சாம்பல் நிறத்தது. ஆகவே தமிழில் 'சாம்பற் பூஞ்சணம்' போதும். கொழும்பில் திராட்சைத் தோட்டம் ஏது? நாம் இதைச் சந்திப்பது குளிரறையிலிருந்து வரும் இறக்குமதிப் பழத்தில். பூச்சியப் பாகை அளவிலும் இது மெல்ல வளரும். அதனால்தான் பெட்டிக்குள் கந்தகவீரொட்சைட்டு வாயுவை விடும் தாளொன்றை வைத்து அனுப்புகிறார்கள். தொற்றிய பழத்தைப் பெருவிரலால் இலேசாக அழுத்தினால் தோல் சதையைவிட்டு வழுக்கிக் கழன்றுவிடும். சாம்பல் தூள் பூப்பது அதற்குப் பிறகு. அப்புறம் தொட்டுக்கொண்டிருக்கும் பழங்களுக்கும் போகும்.

ஆனால் கதை தொடங்குவது பூக்கும் காலத்தில். உதிர்ந்த பூத்தொப்பிகளும் காய்ந்த மகரந்தக் கேசரத் துண்டுகளும் குலைக்குள் சிக்கிக் கிடக்கும். சாம்பற் பூஞ்சணம் முதலில் இந்தச் செத்த குப்பையில் குடியேறி, பழத்தில் இனிப்பு ஏறும்வரை காத்திருக்கும். ஈரமும் 20 பாகை செல்சியசை ஒட்டிய குளுமையும் கிடைத்தால் கிளம்பும். உயிரியற் கட்டுப்பாடு கைவைப்பது இந்த இடத்தில்தான். திரைக்கோடேர்மா, உலோகிளாடியம் போன்ற தீங்கற்ற பங்கசுகளைப் பூக்கும்போதே தெளித்தால், அந்தக் குப்பையை அவை முந்திக்கொண்டு பிடித்துவிடும். பிந்தி வருபவருக்கு இடமுமில்லை, சாப்பாடுமில்லை. பேருந்தில் கைக்குட்டை போட்டு ஆசனம் பிடிக்கிற கதைதான்.

இதில் நாசம் எங்கே? நாசினி என்று எழுதினால் வாங்குபவர் என்ன நினைப்பார்? அழுகல் கண்ட பிறகு அடித்தால் போதும், செத்துவிடும் என்றுதான். குலை இறுகிப் பழம் நரைத்த பின் தெளித்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்பார். பிழை அவருடையதல்ல, பெயருடையது.

நியாயமாகச் சொன்னால் கொல்வதும் உண்டு. திரைக்கோடேர்மா மற்றப் பங்கசின் இழையைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைத்துத் தின்னும். பசிலசு சப்றிலிசு என்ற பற்றீரியா சுரக்கும் பொருள்கள் பங்கசின் மென்சவ்வை உடைக்கும். அங்கே நாசினி என்பதற்கு ஓரளவு இடமுண்டு. என்றாலும் வேலையின் பாதியைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது.

இன்னொன்று: ஹங்கேரியின் தொக்காய், பிரான்சின் சோத்தேர்ன் பகுதிகளில் இதே பூஞ்சணத்தை விரும்பிக் காத்திருக்கிறார்கள். காலை மூடுபனி, பகல் வெயில் என்று அமைந்தால் பழம் அழுகாமல் சுருங்கிச் சர்க்கரை செறியும். விலை கூடிய இனிப்பு வைன் அதிலிருந்துதான். அவர்களிடம் போய் நாசினி என்று சொல்ல முடியுமா?

சரி, தெளிக்கும் அந்த உயிருக்கு என்ன பெயர்? 'உயிரியற் கட்டுப்பாட்டு முகவர்' என்பது நேர் மொழிபெயர்ப்பு. கொழும்பில் முகவர் என்றால் காப்புறுதிக்காரரோ வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவரோதான் நினைவுக்கு வருவார். 'எதிருயிரி' என்பது குட்டையானது, பக்கற்றின் மேலும் அடங்கும். அதன் கீழேயே 'பூக்கும்போது தெளிக்கவும்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிடலாம்.