சீசன் தொடங்கும் முன் அந்தப் பழைய காஸ் கிறிலைக் கழற்றிப் பாருங்கள்

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு எனக்கு வரும் அழைப்புகளில் பாதி திருகோணமலைக் கடற்கரையில் உள்ள உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலிருந்துதான் வரும். "தம்பி, கிறில் நல்லாக் கறள் பிடிச்சுப் போச்சு, ஒருக்கா வந்து பாருங்கோ." காஸ் அடுப்புத் திருத்துவது என் தொழில், போய்ப் பார்ப்பேன். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். ஐப்பசியில் மழை பிடித்ததும் கிறிலைத் தரப்பாளால் மூடிக் கட்டி மூலையில் தள்ளிவிடுகிறார்கள், மே மாதம் ஆட்கள் வரத் தொடங்கியதும் தரப்பாளை உருவிவிட்டு நேரே நெருப்பு வைக்கிறார்கள். அந்த ஆறேழு மாதத்தில் உள்ளே என்ன குடிவந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

போன சீசனுக்கு முன் ஒரு விடுதி முதலாளி கூப்பிட்டார். அவருடைய கவலையெல்லாம் மூடியில் இருந்த கறள். "பெயின்ற் அடிச்சாச் சரியாகுமா?" என்றார். நான் திருகுக் கைபிடிகளைப் பார்த்தேன், நடுக் கைபிடி ஒரு பக்கம் உருகி வளைந்திருந்தது. "அண்ணை, இதுக்குப் பின்னால எப்பவாவது நெருப்பு வந்ததா?" "ஓம், ஒருநாள் கொஞ்சம் எரிஞ்சது, ஊதி அணைச்சிட்டம்." ஊதி அணைத்தார்களாம்! நெருப்பு எரியும் துளைக்குழாயான பேர்னரைத் தூக்கித் தலைகீழாகத் தட்டினேன். பெருவிரல் மொத்தத்தில் காய்ந்த களிமண் உருளை ஒன்று நிலத்தில் விழுந்து உடைந்தது. உள்ளே குளவிப் புழுவும் அது தின்ன வைத்திருந்த சிலந்திகளும்.

என்ன நடந்தது என்றால், காஸ் ஒரு மிகச் சிறிய துளை உள்ள ஜெட்டிலிருந்து பேர்னர்க் குழாயின் வாய்க்குள் பாய்கிறது, பாயும் வேகத்தில் வெளிக்காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. குழாய் அடைத்திருந்தால் காஸுக்குப் போக வழியில்லை, வந்த வாயாலேயே திரும்பி வெளியேறி, கைபிடிகளுக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். காஸ் ரியூப் இருப்பதும் அதே பக்கம்தான். வெளிநாட்டுக் கிறில்களோடு வரும் கையேடுகளில் சிலந்திவலை பற்றி எச்சரித்திருப்பார்கள். இங்கே எனக்கு அதிகம் அகப்படுவது குளவிக் கூடுதான்.

இதைத் துப்புரவாக்க என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. சிலிண்டரிலிருந்து ரெகுலேற்றரைக் கழற்றி வைத்துவிட்டு, பேர்னரின் பின்பக்கம் இருக்கும் ஆணியையோ பின்னையோ எடுத்தால் பெரும்பாலானவை கையோடு வந்துவிடும். போத்தல் கழுவும் பிறஸ்ஸைக் குழாய்க்குள் விட்டுத் தேய்த்துத் தட்டுங்கள், மேலே இருக்கும் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். இரண்டு மூன்று துளைகள் கறளில் கரைந்து ஒன்றாகியிருந்தால் அந்தப் பேர்னர் முடிந்தது, மாற்றுங்கள். ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தவே வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, ஊதி, காயவைத்தால் போதும். ஒரு வீட்டில் தையல் ஊசியால் குடைந்து ஜெட்டின் துளையைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள், சுவாலை முழங்கை நீளத்துக்கு மஞ்சளாக எழும்பியது. திரும்பப் பூட்டும்போது குழாயின் வாய்க்குள் ஜெட் சரியாக நுழைந்து நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். பக்கத்தில் விலகி நின்றால் துப்புரவாக்கியது வீண்.

சரி, ரியூப்புக்கு வருவோம். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்த நாட்களில் திருகோணமலையிலும் சனம் பயந்து ரியூப், ரெகுலேற்றர், கிளிப் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியது. நல்ல காரியம். ஆனால் குசினியில் கழற்றிய பழையதை வீசினார்களா என்றால் இல்லை, "இது இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று முற்றத்தில் நிற்கும் கிறிலுக்குப் பூட்டிவிட்டார்கள்! இன்றைக்கும் அப்படிப்பட்ட ரியூப்புகளைக் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். வெயில் படும் இடத்தில் றப்பர் சீக்கிரம் காய்ந்துவிடும். நேராகக் கிடக்கும்போது பளபளப்பாகத்தான் தெரியும், கையில் எடுத்து இறுக்கமாக வளைத்துப் பாருங்கள், முதுகில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்புகள் தெரிந்தால் அப்போதே வெட்டி எறியுங்கள். வெட்டாமல் எறிந்தால் யாராவது எடுத்துப் பூட்டுவார்கள். பல வருடம் போகும் என்று சொல்லும் ரியூப்பைக் கடற்கரையில் நான் இரண்டு வருடத்துக்கு மேல் விடுவதில்லை. அது என் கணக்கு. எலி கடித்த அடையாளத்தையும் பாருங்கள். கிளிப்புக்குப் பதிலாக வேலிக்கம்பி முறுக்கியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

பூட்டியபின் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் தடிப்பாகக் கரைத்து, எல்லாத் திருகுகளையும் மூடி வைத்துக்கொண்டு, சிலிண்டரைத் திறந்து இணைப்புகளில் பூசுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. நெருப்புக் குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் கெட்டிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், பேர்னரில் கசிந்தால் சின்ன நெருப்பு, சிலிண்டர் வாயில் கசிந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. காஸ் காற்றைவிடப் பாரமானது, மேலே போகாது, கிறிலுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள்ளும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். அதனால்தான் மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். முதல் தட்டலில் பற்றாவிட்டால் திருகை மூடி ஐந்து நிமிடம் பொறுங்கள். மூடியை மூடிக்கொண்டு ரிக், ரிக் என்று தட்டிய ஒரு சமையல்காரரின் புருவம் வளர இரண்டு மாதம் பிடித்தது.

சுவாலையின் நிறத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நீலம் நல்லது, நுனியில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் பரவாயில்லை. கடலை ஒட்டிய இடங்களில் நீலத்துக்குள் செம்மஞ்சள் பொறி வந்து வந்து போகும், அது காற்றில் வரும் உப்பு நெருப்பில் பட்டுக் காட்டும் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. சோம்பலாக ஆடும் மஞ்சள் சுவாலை சட்டியின் அடியில் கரி பிடிக்கச் செய்தால்தான் காற்று போதவில்லை என்று அர்த்தம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிறிலின் முதுகைக் காற்றுக்குக் காட்டாதீர்கள், சூடு முழுக்க முன்னால் கைபிடிகள் பக்கம் தள்ளப்படும். அதற்காகத் தூக்கி உள்ளே கொண்டுபோகவும் வேண்டாம், மூடிய அறைக்குள் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

அடுத்தது கனடாக் கிறில். மகனோ மருமகனோ சாமான்களோடு அனுப்பிய, பார்க்க ஆசையாக இருக்கும் ஆறு பேர்னர்ச் சாமான். பூட்டுமுன் உள்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே வீடுகளுக்குக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்குச் செய்ததென்றால் ஜெட் துளை பெரிது. நம் சிலிண்டர் காஸில் அதே கன அளவுக்கு இரண்டரை மடங்குக்கும் மேல் சக்தி இருக்கிறது, அதை அந்தத் துளையால் விட்டால் கிறில் அல்ல, சூளை. ரெகுலேற்றரையும் தகட்டில் உள்ள அழுத்த அளவோடு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும், கொத்துக்கடைப் பெரிய அடுப்புக்குப் போடும் உயரழுத்த ரெகுலேற்றர் இதற்கு ஆகாது.

கறள் பற்றிக் கடைசியாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் அது பெரும்பாலும் அழகுப் பிரச்சினை. மூடியின் உள்பக்கம் செதில் செதிலாக உரிவது பெயின்ற் அல்ல, கருகிய எண்ணெய், சுரண்டி விடுங்கள், உள்ளே பெயின்ற் அடிக்க வேண்டாம். கம்பித்தட்டைத் தேய்க்கக் கம்பிப் பிறஸ் வேண்டாம், உதிரும் கம்பி முள் பாரை மீனில் ஒட்டி ஆளின் தொண்டைக்குள் போயிருக்கிறது. நம்மிடம் தேங்காய்ப் பொச்சு இருக்கிறது, சூடாக இருக்கும்போதே நீளக் குறட்டில் பிடித்துத் தேய்த்தால் அதைவிட நன்றாகப் போகும். அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிப்பதும் வேண்டாம், காற்று வரும் வழி அடைபடும், எண்ணெயும் அதில் தேங்கும். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் காஸை மூடி, மூடியையும் மூடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வையுங்கள், கடற்கரையில் இருந்துகொண்டு மணலுக்குப் பஞ்சமா?

அடித்தட்டு ஓட்டையாகிப் பேர்னர் நிற்க இடமில்லாமல் போனால் நான் திருத்துவதில்லை. அந்த முதலாளிக்கும் அதைத்தான் சொன்னேன். முகம் வாடிவிட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், கிறில் இல்லை, அதன் வார்ப்பிரும்புக் கம்பித்தட்டை மட்டும் எடுத்துப் பாதியாக வெட்டிய பீப்பாயின் மேல் வைத்து, சிரட்டைக்கரியில் கணவாய் சுட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு துண்டு தந்தார்.