டப்பா மாத்திரையும் வீட்டுக்கு ஏறும் மேடும்

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு அக்கா என்னிடம் வந்தார், வயது 49. இருபது வருஷம் கொழுந்து பறித்தவர், முட்டி வலி வந்ததும் வேலையை விட்டுவிட்டார், அதற்கப்புறம் எடை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இடுப்பை அளந்தேன், 97 செ.மீ. நம் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையாம் மேடம், இதைப் போட்டா நடக்கவே வேண்டாமாம்."

பிசியோதெரபிஸ்ட்டாக இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது உடம்பில் மெல்லிய அழற்சியை மூட்டிக்கொண்டே இருக்கும், செல்களை அரிக்கும் ஃப்ரீ ரேடிக்கல்களும் கூடும் (இவற்றை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்), மாதவிலக்கு நிற்கிற வயதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் அதுவரை இருந்த பாதுகாப்பும் குறையும். இதோடு வீட்டுக் கவலை, தூக்கமின்மை, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

மேடு ஏறி மூச்சு வாங்கும்போதும் ஃப்ரீ ரேடிக்கல் கொஞ்ச நேரம் கூடத்தான் செய்யும். ஆனால் அந்தச் சின்னத் தொந்தரவைப் பார்த்துத்தான் உடம்பு சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற தன் சொந்தக் காவல் என்சைம்களைக் கூடுதலாகத் தயாரிக்கப் பழகுகிறது. 2009-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், உடற்பயிற்சியோடு தினமும் 1000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் (இரண்டும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான்) சாப்பிட்டவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்கவில்லை, மாத்திரை சாப்பிடாதவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் இளம் ஆண்கள்தான், இருந்தாலும் நடைக்குப் பதில் டப்பா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? நம் ஊரில் ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி. அதனால் முதலில் சமமான ரோட்டில் பத்து நிமிஷம், பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். மெல்லக் கூட்டி வாரத்துக்கு 150 நிமிஷம். பனி விழும் காலையில் வீட்டுக்குள்ளேயே கை கால் அசைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். பிரஷர், சுகர் இருந்தால் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து அக்கா வந்தபோது எடை இரண்டு கிலோகூடக் குறைந்திருக்கவில்லை, முகம் வாடியிருந்தது. தூக்கம் எப்படி என்று கேட்டேன். "அது பரவால்ல மேடம், விடியற வரை முழிக்கறதில்ல" என்றார். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் படியில் முன்பு மூன்று இடத்தில் நின்றவர், இப்போது ஒரு இடத்தில்தான் நிற்கிறாராம்.