வில்லங்கச் சான்றில் வராத அக்காமார்கள்

"வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன் சார், சுத்தமா இருக்கு." முதன்முதலாக இடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள். போன வருடம் வந்த தம்பியும் அப்படித்தான். வளைகுடாவில் எட்டு வருடம் உழைத்துச் சேர்த்த பணம். நெல்லிக்குப்பம் பக்கம் இருபது சென்ட். இடத்தின் மேல் கடன், கைமாற்றம் உண்டா என்று பார்க்கப் பதிவுத்துறை தரும் முப்பது வருட வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, இரண்டும் கையில். ஐந்து லட்சத்தை ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்.

விற்பவருக்கு இந்த நிலம் எப்படி வந்தது என்று கேட்டேன். அப்பா 1987இல் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்று கேட்டோம். இழுத்தடித்து ஒருவழியாக வந்தது. அதில் அம்மா, விற்பவர், அவருடைய இரண்டு அக்காமார்கள்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு. "நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்பதால் மகளின் பங்கு போய்விடாது. அவர்களும் சேர்ந்து கிரயம் எழுதித் தர வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும். விற்பவர் பெயரில் பட்டா மாறிய விஷயமே அக்காமார்களுக்குத் தெரியாது. கிரயம் நின்றது. அட்வான்ஸில் பாதிதான் இதுவரை திரும்பியிருக்கிறது.

வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை. பதிவான பத்திரங்களை மட்டும்தான் அது காட்டும். ஒருவர் இறந்ததோ, பதியாத உயிலோ, வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமோ அதில் வராது. அதனால் மூலப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்தையும் தொடர்ந்து பாருங்கள். நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து வேறொருவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நிலத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை.

நம் கடலூர் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். கொஞ்ச தூரத்தில் கன்னியக்கோயில் புதுச்சேரி. புதுச்சேரி நிலத்தின் வில்லங்கம் தமிழ்நாட்டுப் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்காது. முத்திரைத் தீர்வை, மனை அங்கீகாரம் எல்லாமே அங்கே வேறு. அளவுகூட குழிக் கணக்கில் சொல்வார்கள். எத்தனை சதுர அடி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடத்தைப் புரோக்கரின் காரில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கார்த்திகை மழையில் தனியாகப் போங்கள். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். அப்படியே, நிலத்துக்காரருக்கு எத்தனை பிள்ளைகள், பெண்களை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார் என்றும் கேளுங்கள்.