கல்லாறு ஏற்றமும் கோடை வெயிலும்

சித்திரை பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சைக்கிளில் மலையேறுபவர்கள் பெருகிவிடுகிறார்கள். அடிவாரத்தில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கும் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் 'ஊட்டிப் பக்கம்தானே, அங்கே என்ன வெயில்?' என்ற நினைப்பு என்னைக் கவலைப்படுத்துகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையமோ ஏறத்தாழ 325 மீட்டரில். ஏற்றம் தொடங்கும் கல்லாறு, சமவெளியின் அனலுக்குள்தான் இருக்கிறது.

சமதளத்தில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கும். ஏற்றத்தில் வேகம் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். காற்று இல்லை, உழைப்போ அதிகம். நாம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான் மிதிக்கப் பயன்படுகிறது. மீதி முழுவதும் உடலுக்குள் வெப்பமாகச் சேர்கிறது. ஆவியாகாமல் சொட்டும் வியர்வையால் பயனில்லை.

வியர்வை நின்று தோல் வறண்டால்தான் வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்று பலரும் நம்புகிறார்கள். உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். பார்க்க வேண்டியது புத்தித் தெளிவை. இப்படி வந்த ஓர் இளைஞர் "ஒன்றுமில்லை டாக்டர், நான் நன்றாக இருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் ஹெல்மெட் வாரைக் கழற்ற அவர் விரல்களுக்குத் தெரியவில்லை. கேள்விக்குத் தாமதமாகப் பதில், காரணமில்லாத எரிச்சல், நேராக ஓட்ட முடியாமல் தடுமாறுவது: கூட வருபவரிடம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே நிறுத்துங்கள். அக்குளிலோ நெற்றியிலோ பார்க்கும் வெப்பமானி இந்த நேரத்தில் ஏமாற்றிவிடும். உள்ளே 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம்.

108-ஐ அழையுங்கள், ஆனால் அது வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து, ஹெல்மெட், சட்டை, காலணிகளைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். பெரிய தொட்டி கிடைத்தால், தலை மூழ்காமல் பிடித்தபடி கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்துவதே மிகச் சிறந்தது. முதல் அரை மணி நேரத்தில் உடல் குளிர்ந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். பாராசிட்டமால் இந்த வெப்பத்தைத் தணிக்காது. தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டவே கூடாது, புரையேறிவிடும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு வராதீர்கள். சைக்கிளில் இரண்டு பாட்டில்கள் இருக்கட்டும், குடிநீர் ஏ.டி.எம். கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து சில நாள்களே ஆனவர்கள் மலையேற்றத்தைத் தள்ளிப்போடுங்கள். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும், ஏ.சி. அறையிலேயே வாரம் முழுவதும் இருந்துவிட்டு ஞாயிறன்று நேராக இங்கே வந்து ஏறுவது ஆபத்து.

வெயிலுக்கு முன்பே ஏறிவிடலாம் என்று இருட்டில் புறப்படவும் கூடாது. கல்லாறு யானைகள் நடமாடும் காடு. நன்றாக விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வழியிலுள்ள பர்லியாறு என்ற ஊரைத் தாண்டப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் அங்கேயே சைக்கிளை விட்டு இறங்கி, குன்னூர் பஸ்ஸைப் பிடியுங்கள்.