படுத்திருந்த லேசரை நிமிர்த்தியவர்

குறைகடத்தி லேசர் செய்கிறவர்கள் எல்லா வேலையும் முடிந்தபின் அதை உடைப்பார்கள். விளையாட்டில்லை, அதுதான் செய்முறை. லேசர்கள் உருவாக்கப்படும் மெல்லிய படிகத் தகடான காலியம் ஆர்சனைடு வேஃபரின் ஓரத்தில் வைர முனையால் சின்னதாக ஒரு கீறல். கண்ணாடிக் கடைக்காரர் கோடு போட்டு ஒடிப்பதுபோல மெல்ல ஓர் அழுத்தம். படிகம் தன் அணு அடுக்கின் வழியே நேராகப் பிளந்துகொள்ளும். பளபளவென்றிருக்கும் அந்தப் பிளவு முகம்தான் லேசரின் கண்ணாடி, அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடி. ஒளி முன்னும் பின்னும் ஓடிப் பெருகுவதற்கு இரண்டு முனையிலும் அப்படி ஒன்று வேண்டும். ஆக, உடைத்தால்தான் கண்ணாடி. கண்ணாடி வந்தால்தான் கையிலிருப்பது லேசரா, வெறும் கல்லா என்றே தெரியும்.

டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த கெனிச்சி இகாவுக்கு இது உறுத்தியது. கணினிச் சில்லுகளை யாரும் ஒவ்வொன்றாக ஒடித்துச் செய்வதில்லையே! 1977 மார்ச் 22 அன்று நோட்டில் ஒரு படம் வரைந்தார். ஒளி வேஃபருக்குள் படுத்தவாக்கில் ஓடாமல் மேல்நோக்கிப் போகட்டும்; கண்ணாடிகள் பக்கங்களில் இல்லாமல் மேலும் கீழும் இருக்கட்டும். இன்று விக்செல் என்று அழைக்கப்படும் லேசர் அங்கேதான் பிறந்தது.

படம் எளிது, கணக்குதான் கொடுமை. படுத்த லேசரில் ஒளி ஏறக்குறைய 300 மைக்ரோமீட்டர் தூரம் ஓடி, வழியெல்லாம் பெருகும். அதனால் பிளவு முகம் 30 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பினாலே போதும். நிமிர்த்திவிட்டால், ஒளியைப் பெருக்கும் அடுக்கின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். ஒருமுறை கடந்தால் ஒரு சதவீதம் கூடினாலே பெரிது. வரவு ஒரு சதவீதம் என்றால் செலவு அதற்குள் அடங்க வேண்டுமல்லவா? கண்ணாடிகள் 99 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பியாக வேண்டும்.

அப்படிப்பட்ட கண்ணாடியைப் படிகத்தையே அடுக்கி வளர்க்கிறார்கள். காலியம் ஆர்சனைடு ஓர் அடுக்கு, அதன்மேல் அலுமினியம் கலந்தது ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி. ஒவ்வொன்றின் தடிமனும் அதற்குள் ஓடும் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு. ஓர் எல்லையில் திரும்புவது ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் அந்தக் கால் பங்கு அளவினால், எல்லா எல்லைகளிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒரே தாளத்தில் வந்து சேர்கின்றன. இருபது முப்பது ஜோடி அடுக்கினால் 99 சதவீதத்தைத் தாண்டிவிடலாம்.

1979-ல் இகாவின் குழு ஒன்றை ஒளிரவைத்தது. மைனஸ் 196 டிகிரி குளிரில், மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் மட்டும்! அறை வெப்பநிலையில் நிற்காமல் ஒளிர 1988 ஆனது. அதைச் சாதித்தவர் அவருடைய மாணவர் ஃபுமியோ கொயாமா. பதினோரு வருடம் ஒரே படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான், என்னைக் கேட்டால், அந்த யோசனையைவிடப் பெரிய விஷயம்.

இகா கான்ட்ராபாஸ் வாசிப்பவர். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த வாத்தியத்தை வைத்தே விக்செலின் இன்னொரு குணத்தைச் சொல்லிவிடலாம். நீளமான தந்தியில் எழும் மேற்சுரங்கள் அதிர்வெண்ணில் நெருக்கமாக இருக்கும். தந்தி குட்டையானால் அவை விலகிப்போகும். லேசரிலும் அதே கதைதான். கண்ணாடிகளுக்கு நடுவே தூரம் அதிகமென்றால் பல அலைநீளங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எழும். விக்செலில் அந்த இடைவெளி ஓர் அலைநீளம் அளவுக்குச் சுருங்கியிருப்பதால், பெருக்க வசதியான எல்லைக்குள் ஒன்றுதான் விழுகிறது.

அப்புறம் இகா அதே கழகத்தின் தலைவராகவும் ஆனார், 2007 முதல் 2012 வரை. அவருடைய லேசர் அதற்குள் மவுஸுக்குள் புகுந்திருந்தது. தரவு மையங்களில் கண்ணாடி இழை வழியே தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. 2017-ல் வந்த ஐபோன் எக்ஸ், முகத்தை அடையாளம் காண 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசுகிறதே, அவையும் விக்செல் ஒளிதான்.

இன்றும் வேஃபரைத் துண்டு போடத்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே ஊசிமுனையை ஒவ்வொரு லேசராக வைத்து, மின்சாரம் கொடுத்து, எது தேறும் எது தேறாது என்று குறித்துவிடுகிறார்கள்.