ஒட்டவும் வேண்டும், உரியவும் வேண்டும்

வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். சொந்தக் காசில் பெயின்ட் அடிக்க நமக்கு மனசு வராது. வரவேற்பறையில் ‘நல்வரவு’ என்றோ, குழந்தை தூங்கும் அறையில் அதன் பெயரையோ ஸ்டிக்கர் எழுத்தில் ஒட்டிக்கொள்வது இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல ஸ்டிக்கராக இருந்தால் கையால் எழுதியது போலவே தெரியும், காலி செய்யும்போது உரித்துவிடலாம்.

உரித்துவிடலாம் என்று சொல்வது சுலபம். அந்த எழுத்திடம் நாம் கேட்பது இரண்டு நேரெதிரான காரியங்கள்: வருஷக்கணக்கில் விழாமல் நிற்க வேண்டும், கேட்டபோது பெயின்ட்டைப் பிய்க்காமல் வரவும் வேண்டும். ‘கொஞ்சமாகப் பசை தடவியிருப்பார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழுத்தின் பின்புறம் முழுக்கப் பசைதான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். எழுத்து என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம். வீட்டுச் சுவருக்கென்று விற்கும் வகை பெரும்பாலும் பளபளப்பு இல்லாதது, சுமார் 80 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதன் முதுகில் இருபது மைக்ரான் அளவில் அக்ரிலிக் பசை. அதற்கும் கீழே சிலிக்கோன் பூசிய வழவழப்பான தாள். கணினியில் எழுத்தை வரைந்து கொடுத்தால் பிளாட்டர் இயந்திரத்தின் சின்னக் கத்தி படலத்தையும் பசையையும் மட்டும் அறுக்கும், அடித்தாளை விட்டுவிடும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கெர்பர் நிறுவனம் இப்படி வெட்டும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் ஸ்டிக்கர் கடைகளில் பைக்குக்குப் பெயர் வெட்டித் தருவதும் இதே வகை இயந்திரம்தான்.

வெட்டியதும் எழுத்தைச் சுற்றியும், சுழிகளுக்குள்ளும் இருக்கும் வேண்டாத பகுதியை ஊசியால் கிளப்பி எடுத்துவிடுவார்கள். தமிழ் வெட்டும்போது பொறுமையைச் சோதிப்பது இந்த இடம். ‘நல்வரவு’ ஆறு துண்டு: ஐந்து எழுத்து, ஒரு புள்ளி. அந்தப் புள்ளி கழிவோடு சேர்ந்து போய்விடும். தேடினால் மேஜைக்கு அடியில் யாருடைய செருப்பிலாவது இருக்கும். எழுத்துருவில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கத்தி இரண்டு ஓரத்தையும் விசுவாசமாக அறுத்து எழுத்தைத் துண்டாக்கிவிடும். அதனால் வெட்டக் கொடுக்கும் முன்பே கோடுகளை ஒரே உருவமாக இணைத்துவிட வேண்டும்.

அப்புறம் எழுத்துகளின் இடைவெளி கலையாமல் சுவருக்குக் கொண்டுபோக, மேலே ஒரு டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டுவார்கள். இங்கே நடப்பது பசைகளுக்குள் ஒரு போட்டி. அடித்தாள் எழுத்தைப் பிடிக்கும் பிடியைவிட டேப்பின் பிடி வலுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்து தாளிலேயே தங்கிவிடும். டேப்பின் பிடியைவிடச் சுவரின் பிடி வலுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டிவிட்டு டேப்பை இழுக்கும்போது எழுத்தும் கூடவே திரும்பி வந்துவிடும். சொரசொரப்பான சுவரில் ஒட்டப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சுவர் எப்படிப் பிடிக்கிறது? பசையில் மந்திரம் எதுவும் இல்லை. மூலக்கூறுகள் மிக நெருங்கி வந்தால் அவற்றுக்குள் வான்டர்வால்ஸ் ஈர்ப்பு உண்டாகும். அது எந்த இரண்டு பொருளுக்கும் இடையே உண்டு. ஆனால் அதன் எட்டும் தூரம் ஒரு நானோமீட்டர் அளவுதான். நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் சுவரும் அந்த அளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு கெட்டியான பொருள்களை அழுத்தி வைத்தால் சில மேட்டு முனைகள் மட்டுமே உரசும். பசை அந்தப் பள்ளங்களுக்குள் வழிந்து இறங்கும் அளவுக்கு மென்மையாக இருந்தாக வேண்டும். எவ்வளவு மென்மை என்பதற்கு 1960களில் த்ரீஎம் நிறுவனத்தின் கார்ல் டால்குவிஸ்ட் ஒரு அளவுகோல் கொடுத்தார்: விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலுக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகுதான் விறைப்புக்கும்) கீழே இருந்தால்தான் விரலால் அழுத்தியதும் ஒட்டும். சாதாரண ரப்பர் பேண்டின் விறைப்பே பத்து லட்சம் பாஸ்கல் அளவில் இருக்கும். ரப்பர் பேண்ட் கையில் ஒட்டாததன் காரணம் அதுதான்.

இவ்வளவு மென்மை என்றால் அது தண்ணீராகவே இருந்துவிடலாமே? ஓடிவிடும், பிடிக்காது. பசை பாதி திரவமாகவும் பாதி திடமாகவும் இருக்க வேண்டும். எது எப்போது என்பதைத் தீர்மானிப்பது நேரம். ஜவ்வு மிட்டாயை மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறும். இந்தப் பசையின் சுபாவமும் அதுவே. ஒட்டும்போது நாம் தேய்க்கிற சில நொடிகளிலும், அதற்கப்புறம் ஓரிரு நாளும் அது மெல்ல வழிந்து பரவுகிறது. அதனால்தான் ஒட்டிய எழுத்தின் பிடி முதல் நிமிஷத்தில் இருப்பதைவிட மறுநாள் அதிகமாக இருக்கும்.

இப்போது உரிப்பதற்கு வருவோம். ஒரு ஓரத்தைக் கிளப்பி, மிக மெதுவாக இழுத்து, பிரியும் கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். கோட்டின் ஓரமாகச் சின்னச் சின்ன வெள்ளை இழைகள் நீண்டு, ஒவ்வொன்றாக விட்டுப்போவது தெரியும். பசைக்குள் நுண்ணிய குமிழிகள் தோன்றி, அவற்றின் இடைச்சுவர்கள் இழுபட்டு இழைகளாகின்றன. உரிக்கும் வேலையின் பெரும்பகுதி இங்கேதான் செலவாகிறது. வான்டர்வால்ஸ் பிணைப்பை மட்டும் பிரிப்பதென்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்கூடப் போதும். உண்மையில் உரிக்க நூறு ஜூல் அளவில் செலவாகிறது. ஆயிரம் மடங்கு! மிச்சம் அத்தனையும் இழைகளை நீட்டுவதில் போய் வெப்பமாக மாறிவிடுகிறது.

கழற்றக்கூடிய பசையைச் செய்பவர்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான். பசையின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளைக் கொஞ்சம் கூட்டுவார்கள். பள்ளங்களில் இறங்கும் மென்மை மிஞ்சியிருக்கும், ஆனால் இழைகள் அதிகம் நீளாமல் சீக்கிரமே சுவரை விட்டுவிடும். பசை தன் படலத்தோடேயே போய்விடும். நிரந்தர வகையில் இழைகள் நீண்டுகொண்டே போகும், பெயின்ட் தோற்கும்வரை. போஸ்ட்-இட் எனும் மஞ்சள் குறிப்புத் தாளில் இருப்பது வேறு தந்திரம்: 1968-ல் அதே த்ரீஎம்மின் ஸ்பென்சர் சில்வர் செய்த பசை சின்னஞ்சிறு உருண்டைகளாக இருப்பதால், அங்கங்கே மட்டும் தொடும். சுவர் எழுத்துக்கும் அதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். சாதாரணமாக இங்கே இருப்பது உருண்டைகள் அல்ல, தொடர்ச்சியான பசைப் படலம்.

ஆனால் பசை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் முடிவு சுவரின் கையில். செங்கல், பூச்சு, பட்டி, பிரைமர், பெயின்ட், பசை, படலம் என்று ஒரு வரிசை. இழுக்கும்போது இதில் எது பலவீனமோ அது விடும். பட்டி பார்த்துவிட்டு பிரைமர் அடிக்காமல் பெயின்ட் ஏற்றிய சுவர் என்றால் கழற்றக்கூடிய பசைகூட அதைச் சப்பாத்தி போலக் கொத்தாகக் கொண்டுவந்துவிடும். தப்பு ஸ்டிக்கர்மேல் விழும்; காரணம் பெயின்டர். வெள்ளையடித்த சுவரிலும் மலிவு டிஸ்டெம்பரிலும் கதை தலைகீழ். கையை வைத்துத் தேய்த்தால் பொடி வருகிறதா? பசையும் அந்தப் பொடியைத்தான் பிடித்திருக்கும், சுவரை அல்ல. இரண்டு நாளில் எழுத்து தரையில் கிடக்கும்.

இன்னொரு ஏமாற்று, விலை உயர்ந்த பெயின்ட்டில் வருகிறது. ‘கறை படியாது, துடைத்தால் போய்விடும்’ என்று விற்கும் வகைகள் பலவற்றில் மெழுகு, சிலிக்கோன் போன்றவை கலந்து மேற்பரப்பு ஆற்றலை, அதாவது மேலே படும் பொருளைப் பரவவிட்டுப் பிடித்துக்கொள்ளும் தன்மையை, குறைத்திருப்பார்கள். குழம்புக் கறை பரவாத இடத்தில் பசையும் பரவாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் அந்தச் சுவரில் எழுத்து நிற்பது சந்தேகம். புதிதாக அடித்த பெயின்ட் என்றால் மூன்று நான்கு வாரம் பொறுப்பது நல்லது. தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இருக்கும் ஈரமும் கரைப்பான்களும் வெளியேறிக்கொண்டே இருக்கும், அவை படலத்துக்கு அடியில் மாட்டிக் குமிழாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரை விட்டுவிடுங்கள். அங்கே பெயின்ட்டே பூச்சைப் பிடித்துக்கொள்ளப் போராடிக்கொண்டிருக்கிறது.

படலமும் சும்மா இருப்பதில்லை. பிவிசி இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக், தண்ணீர்க் குழாய் செய்வது அதில்தான். அதை வளையும் படலமாக்க ஒரு வகை எண்ணெய்த் திரவத்தைத் தாராளமாகக் கலக்கிறார்கள். அந்தத் திரவம் வருஷக்கணக்கில் மெல்ல நகர்ந்து பசைக்குள் இறங்கும். பசை குழகுழவென்று ஆகும், படலம் விறைத்துச் சுருங்கும். பழைய எழுத்துகளின் ஓரத்தில் அழுக்கேறிய மெல்லிய கோடு தெரிவது படலம் சுருங்கி வெளியே விட்ட பசைதான். ஓரமும் மூலையும் முதலில் கிளம்பும். புள்ளி போன்ற சின்னத் துண்டுக்கு உடம்பு முழுக்க ஓரம்தான் என்பதால், மொத்த வார்த்தையில் முதலில் காணாமல் போவது அது. புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்வது புத்திசாலித்தனம்.

கழற்றும் முறையிலும் கணக்கு இருக்கிறது. எழுத்தைச் சுவருக்குச் செங்குத்தாக நம்மை நோக்கி இழுத்தால் மொத்த விசையும் பெயின்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கும் திசையில் போகிறது. அதையே முழுக்க மடித்து, சுவரை ஒட்டியபடி பின்னோக்கி இழுத்தால் தேவையான விசை ஏறக்குறைய பாதியாகிவிடும், வெளிப்புறமாக இழுக்கும் பங்கும் பெரிதும் குறையும். மெதுவாக இழுக்க வேண்டும். வேகம் கூடினால் பசை விறைத்துப் பிடி ஏறும். காயத்து பிளாஸ்திரியைச் சட்டென்று உரிக்கும் பழக்கம் இங்கே கூடாது. ஹேர் டிரையர் இருந்தால் கொஞ்சம் சூடு காட்டலாம், படலமும் பசையும் இளகும். கையால் தொடும் அளவு சூடு போதும், அதற்கு மேல் போனால் பெயின்ட்டும் இளகும்.

வெயில் படும் சுவராக இருந்தால், உரித்த பிறகும் எழுத்திருந்த இடம் கொஞ்சம் பளிச்சென்று தெரியும். அது பசையின் வேலை அல்ல, சுற்றியிருந்த பெயின்ட் வெளுத்துவிட்டது. பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் விரலால் உருட்டி எடுங்கள், அல்லது உரித்த துண்டின் பசைப்பக்கத்தையே அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள்; பசைக்குப் பசையைத்தான் அதிகம் பிடிக்கும். எமல்ஷன் சுவரில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு, ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் துடைக்கலாம். தின்னர் பக்கமே போக வேண்டாம். பசையைக் கரைக்கும்போது பெயின்ட்டையும் சேர்த்துக் கரைத்துவிடும்.