வெண்கோலா, வெள்ளைப் பிரம்பா?

ஒக்டோபர் 15 நெருங்கினால் போதும், கொழும்பில் தமிழ் அறிவித்தல்களில் ‘வெள்ளைப் பிரம்பு தினம்’ வந்துவிடும். விழிப்புலனற்றோர் கையில் பிடித்து வழி அறிகிற வெள்ளைக் கோலுக்கான நாள் அது. வாசிக்கும்போதெல்லாம் மனம் குறுகுறுக்கும். விழிப்புலனற்றோருக்கு வாசித்துக் காட்டவும் வழித்துணை போகவும் புதிதாக வரும் தொண்டர்களுக்கு நாங்கள் கொடுக்கும் தாளிலும் இதே சொல்தான். இம்முறை அதைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. முதலில் வெட்டியது ‘பிரம்பு’.

ஆங்கிலத்தில் இது ‘வைட் கேன்’. அந்தக் ‘கேன்’ கிரேக்க வழி வந்த சொல். முதலில் நாணல், பிறகு பிரம்பு, அப்புறம் கைத்தடி. 1921இல் பிரிஸ்டல் நகரில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ், வாகனக்காரர் கண்ணில் படட்டும் என்று தன் கைத்தடிக்கு வெள்ளை பூசினார். 1964இல் அமெரிக்கா ஒக்டோபர் 15ஐ அதற்குரிய நாளாக்கியது. சரி, வரலாறு இவ்வளவு போதும்.

தமிழில் பிரம்பு அப்படி விரியவில்லை. கதிரை பின்னுகிற கொடி அது. அதை விட்டால் வாத்தியாரின் கை. ‘பிரம்பு’ என்றதும் உள்ளங்கை கூசாத ஆள் என் வயதில் இல்லை. இன்றைய கோலோ பெரும்பாலும் அலுமினியக் குழாய். அடிக்கிற பொருளின் பெயரை வழி அறிகிற பொருளுக்கு ஏன் வைக்க வேண்டும்? சிங்களத்தில் பாருங்கள். பள்ளிக்கூடப் பிரம்பு ‘வேவெல’. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சுது செரயட்டிய’, வெள்ளைக் கைத்தடி. பொருளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் வரியைப் பார்த்து வைத்திருக்கிறார்.

‘ஊன்றுகோல்’ என்போரும் உண்டு. பார்வையிழந்த சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் கொடுத்தது ஊன்றுகோல்தானே என்பார்கள். அழகான கதை. ஆனால் ஊன்றுதல் என்றால் பாரத்தை அதில் போடுவது. வெள்ளைக் கோலில் யாரும் பாரம் போடுவதில்லை. இடக்கால் முன்னே போகையில் கோல்முனை வலப்பக்கம் தட்டும். அடுத்த அடி விழும் இடத்தை முன்கூட்டியே அறியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்த நடைமுறை இது. ஊன்றுகோல் என்று படித்து வருகிற தொண்டர், எதிரே நிற்பவர் தள்ளாடுகிறார் என்று எண்ணி ஓடிப்போய்த் தாங்குவார். நானே செய்திருக்கிறேன். காலி வீதியில், மஞ்சள் கடவை ஓரம், ஒரு ஐயாவின் கோலையே பிடித்து இழுத்தேன். “பொல்லை விடும் தம்பி, நான் உம்மட முழங்கையைப் பிடிக்கிறன்” என்றார். அதுதான் சரியான முறை. நாம் அரை எட்டு முன்னே, அவர் கை நம் முழங்கையில்.

அவர் ‘பொல்லு’ என்றார். பேச்சில் அது போதும். எழுத்தில் ‘வெண்கோல்’ என்பேன். அளவுகோல், எழுதுகோல், திறவுகோல், துலாக்கோல் எல்லாம் ஒவ்வொரு வேலைக்கான கோல்கள். வழி அறிகிற கோல் அந்த வரிசையில் இயல்பாக உட்காருகிறது.

“பழகிப்போன சொல், விடுங்கள்” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ‘குருடர்’ என்பதும் பழகிப்போன சொல்தான். அதை மாற்றி ‘விழிப்புலனற்றோர்’ என்று எழுதப் பழகியவர்கள் நாங்கள். திருத்திய தாளில் ‘வெண்கோல் தினம்’ என்றே போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் அந்த ஐயாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும்.